சலவைக்கூடத்து அரை மணி

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கல்பாக்கம் போகும் சாலையில், கடலை ஒட்டிய ஒரு விடுதியில் நான் டைம் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் என்று சொன்னால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பின்வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வெளிச் சுவரில் விரல் வைக்கும் மிஷின். வேலைக்கு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு நான்கு தடவை அதில் விரல் வைக்க வேண்டும். காலையில் வந்ததும், மதியம் சாப்பிடப் போகும்போது, சாப்பிட்டு வந்ததும், சாயங்காலம் கிளம்பும்போது. விரல் சரியாக விழுந்தால் மிஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் 'தேங்க்யூ' என்று சொல்லும். விழாவிட்டால் அதே குரல் 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்று சொல்லும். கோபமே படாத குரல். அதனாலேயே கேட்பவர்களுக்குக் கோபம் வரும்.

என் வீடு செங்கல்பட்டில். காலையில் வீட்டுக்காரருக்கு நாஸ்தா எடுத்து வைத்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரத்தில் இறங்குவேன். அங்கிருந்து விடுதியின் வேன். முன்பு ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி பில் போட்டவள் நான். இங்கே ஒரு நாற்காலி கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து மிஷின் தரும் விவரங்களை ரிப்போர்ட்டாக எடுத்து, தாமதமானவர்களின் வரிகளைச் சிவப்பாக்கி, மாதக் கடைசியில் பர்சனல் மேனேஜருக்கு அனுப்புவேன். பிழையில்லாமல் அனுப்புகிறேன் என்று அவர் ஒரு முறை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

மூன்று மாதமாக ஒரு விஷயத்தைக் கவனித்து வந்தேன். சலவைக்கூடத்துப் பெண்கள் ஏழு பேர். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த ஏழு பேரும் நாள் தவறாமல் ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் தாமதமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் யாருக்கும் அப்படி இல்லை. ரிப்போர்ட்டில் அந்த ஏழு வரிகள் மட்டும் மிளகாய்ப் பழம் காயப்போட்ட மாதிரி இருக்கும். பர்சனல் மேனேஜர் ஏழு பேருக்கும் மெமோ அடித்து என்னிடம் கொடுத்தார்.

"கையெழுத்து வாங்கி இந்த வாரத்துக்குள்ள கொடுங்கம்மா. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

மெமோவை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன். என் அறையிலிருந்து இருபது அடிதான். உள்ளே போனால் ஆவியில் மூக்குக்கண்ணாடி வேர்த்துவிடும். ஒரு பக்கம் துவைக்கும் மிஷின்கள், இன்னொரு பக்கம் படுக்கை விரிப்புகளை உருட்டி இஸ்திரி போடும் மிஷின். ஏழு பேரில் மூத்தவர் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வருகிறவர். எல்லாருக்கும் அக்கா. என்னைப் பாயம்மா என்று கூப்பிடுவார். அவர்தான் முதலில் மெமோவை வாங்கி, கையைத் தூரத்தில் நீட்டிப் படித்தார்.

"இன்னா பாயம்மா, எங்கள செவப்பா போட்டுக்கீறியாமே. நீ போட்டியா, மிசினு போட்டுச்சா?"

"மிஷின் சொல்றதத்தான் நான் எழுதறேன்கா."

"மிசினு கீறது கேட்டாண்ட. நாங்க துன்றது எங்க? அத மிசினு சொல்லிச்சா?"

அக்கா மெமோவை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லல. ஒரு நாளு எங்களோட வந்து துண்ணு. அப்பறம் நீ எங்க காட்றியோ அங்க போடறேன்."

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். இஸ்திரி மிஷினிலிருந்து ஒரு விரிப்பு வந்து விழுந்தது, இரண்டு பேர் அதை மடிக்கப் போய்விட்டார்கள்.

நான் அதுவரை ஊழியர் கேண்டீனில் சாப்பிட்டதே இல்லை. டிபன் பாக்ஸ் கொண்டுவந்து என் மேசையிலேயே சாப்பிட்டு, அறைக் கதவைச் சாத்தி லுஹர் தொழுதுவிட்டு, திரும்ப நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். நான் எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறேன் என்று யாரும் எழுதியதில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் இருப்பவளை மிஷின் எதுவும் கேட்பதில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைத்தது.

மறுநாள் மதியம் செக்யூரிட்டி அண்ணனிடம் அறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்களோடு கிளம்பினேன்.

முதலில் விரல் வைக்க வேண்டும். ஆறு பேரும் வரிசையாக வைத்தார்கள். இரண்டு பேருக்கு இரண்டாவது தடவையில் விழுந்தது. அக்கா கடைசி. வைத்தார். 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.' புடவையில் துடைத்துவிட்டு வைத்தார். 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.' விரலைத் தலைமுடிக்குள் விட்டு எண்ணெய்ப் பசையை எடுத்துக்கொண்டு, மூக்கின் மேல் ஒரு தேய் தேய்த்து, மெதுவாக வைத்தார். 'தேங்க்யூ.'

"தெனம் இதான்," என்றார் அக்கா. "சோப்பு, பிளீச்சிங்கு, சூடு. இருவது வருசமா தோய்ச்சி தோய்ச்சி ரேகையெல்லாம் துணியோடவே பூட்ச்சி. ஜோசியக்காரன் வந்தாகூட என் கையப் பாத்து சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

பிறகு நடந்தோம். முன்பெல்லாம் கேண்டீன் சலவைக்கூடத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருந்ததாம். விடுதியை விரிவாக்கியபோது அந்த இடம் மசாஜ் நிலையமாகிவிட்டது. கேண்டீனை வளாகத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். நேராகப் போனால் இரண்டு நிமிடம். ஆனால் நேர் வழி நீச்சல் குளத்தை ஒட்டிப் போகிறது. சீருடையில் இருக்கும் சலவைக்கூடத்துக்காரர்கள் விருந்தினர் கண்ணில் படக்கூடாது என்பதால் அந்த வழி கிடையாது. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் திரும்பி, கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றி, சவுக்கு வேலியை ஒட்டி மணலில் நடக்க வேண்டும். மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் போகிறது. செருப்புக்குள் சூடு ஏறுகிறது. கேண்டீன் வாசலில் நான் கடிகாரத்தைப் பார்த்தபோது, விரல் வைத்ததிலிருந்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

தட்டுக்கு வரிசை. சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல். சாப்பாடு நன்றாகவே இருந்தது. உட்கார்ந்து நாலு வாய்தான் வைத்திருப்பேன். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே, "பாயம்மா, ரசம் ஊத்திக்காத, டைமில்ல," என்றார். அவர்கள் சாப்பிட்ட வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மென்றார்களா என்பதே சந்தேகம். சாப்பிட்டு முடிக்க ஏழு நிமிடம். கை கழுவி, மறுபடி மணல், தொட்டி, ஜெனரேட்டர். மிஷின் முன்னால் வேர்த்த கையோடு ஏழு பேர். 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்று அது சொல்லச் சொல்ல நிமிடங்கள் ஏறிக்கொண்டே போயின. எல்லாருக்கும் விழுந்து முடிந்தபோது முப்பத்தாறு நிமிடம்.

எனக்கு விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது.

"இப்ப காட்டு," என்றார் அக்கா. "எங்க கையெழுத்து போடணும்?"

நான் மெமோவை வெளியே எடுக்கவே இல்லை.

அடுத்த இரண்டு நாளும் அவர்களோடு போய் நேரம் குறித்தேன். முதல் நாள் ஏழு நிமிடம் சாப்பாடு, இரண்டாம் நாள் எட்டு. மூன்றாம் நாள் மழை. அன்று ஆறுதான்.

என் அறைச் சுவரில் தொழிலாளர் சட்டத்தின் சுருக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். மாட்ட வேண்டும் என்று விதி. ஆனால் அதன் ஆணியில் என் குடையும் செக்யூரிட்டி அண்ணனின் மழைக்கோட்டும் தொங்கும். ஒரு நாளும் படித்ததில்லை. அன்று இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு நின்று படித்தேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு தர வேண்டும் என்று இருந்தது. ஓய்வு என்றுதான் இருந்தது. விரல் தேய்ப்பதும் மணலில் நடப்பதும் அதில் எப்படிச் சேரும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்காரருக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் சொன்னது, "உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு. மெமோ குடுத்தவரே கையெழுத்து வாங்கினு போறாரு," என்பதுதான். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே அவரே கேட்டார்.

"அந்த மிஷினு செவுத்துல எப்டி மாட்டிக்கீது?"

"நாலு ஸ்க்ரூ இருக்கு. பின்னால ரெண்டு ஒயர் போவுது."

"அவ்ளோதான? கேண்டீன்ல கரண்டு கீது, நெட்டு ஒயரு இழுத்துக்கலாம். மிஷின அங்க மாட்டிட்டா சாப்பாட்டு டைமு கேண்டீன் வாசல்ல ஆரம்பிக்கும். நடக்கறது கம்பெனி டைமு. இதுக்கு எதுக்கு மூணு நாளா சோறு எறங்காம கீற?"

இதை நான் ஏன் யோசிக்கவில்லை என்று இருந்தது. மிஷின் இருக்கும் இடம்தான் நேரம் என்று என் மூளையிலும் நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தது போலும்.

மறுநாள் காலை கையெழுத்தில்லாத ஏழு மெமோவையும் என் நோட்டையும் எடுத்துக்கொண்டு பர்சனல் மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் ஐம்பது வயதைத் தொட்டவர். பெரிய உடம்பு. காகித விஷயத்தில் கறார், மற்றபடி கெட்டவரில்லை. சாப்பாட்டுப் பிரியர் என்று விடுதிக்கே தெரியும்.

"ஏம்மா கையெழுத்து இல்ல?"

"அவங்க அரை மணி நேரம் சாப்பிடறதில்ல சார். ஏழு நிமிஷம்தான் சாப்பிடறாங்க. மூணு நாள் கூடப் போய் எழுதியிருக்கேன்."

நோட்டை வாங்கிப் பார்த்தார். புருவம் ஏறியது.

"உங்கள கையெழுத்து வாங்கச் சொன்னேன். இன்ஸ்பெக்ஷன் பண்ணச் சொல்லல. நீங்க யார் பக்கம்மா?"

"சார், நேரம் எழுதறதுதான என் வேலை. இதுவும் நேரம்தான்."

இப்படிப் பேசியதற்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அந்தத் துணிக்கடையும் அங்கே வீங்கிய என் கணுக்கால்களும் ஞாபகத்துக்கு வந்தன. அவர் நோட்டை மூடி மேசையில் தட்டினார்.

"ஒன்பது நிமிஷம் நடக்கறாங்களா. பேசிக்கிட்டே போவாங்க, அதான். நாளைக்கு நான் வர்றேன். என் வேகத்துக்கு நடக்கச் சொல்லுங்க. அரை மணியில போய்ட்டு வந்து காட்டறேன். வந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

போய் அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குப் பர்சனல் மேனேஜர் மினுங்குகிற கறுப்பு ஷூவோடு வந்தார். அவருக்கு விரல் வைக்கும் வழக்கமே கிடையாது என்பதால் காலையிலேயே அவர் விரலை மிஷினில் பதிந்து வைத்திருந்தேன். முதல் தடவையே 'தேங்க்யூ' என்றது. எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்காவுக்கு நான்கு தடவை ஆனது. மேனேஜர் நின்று காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதே சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

வேகமாகத்தான் நடந்தார். ஜெனரேட்டர் வரைக்கும். மணலில் இறங்கியதும் ஷூவுக்குள் மணல் போனது. நின்று கழற்றித் தட்டினார். மறுபடி போனது. அதன் பிறகு தட்டவில்லை. சவுக்கு வேலியின் பாதியில் கைக்குட்டையை எடுத்துப் பிடரியைத் துடைத்துக்கொண்டு, "இந்த வழியிலயா தினமும்?" என்று கேட்டார்.

"வேற வழி போனா இன்னொரு மெமோ குடுப்பீங்க சார்," என்றார் அக்கா. மரியாதையாகத்தான் சொன்னார்.

கேண்டீனில் அன்று மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும். மேனேஜரைப் பார்த்ததும் சமையல்காரர் பதறிப்போய் ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தார். அவர் உட்கார்ந்து, நிதானமாகப் பிசைந்து, ரசித்துச் சாப்பிட ஆரம்பித்தார். மோர்க்குழம்பு முடிந்து ரசத்துக்குக் கை நீட்டியபோது ஏழு பெண்களும் தட்டோடு எழுந்து நின்றார்கள்.

"சார், எந்திரிங்க," என்றார் அக்கா. "டைமாச்சு."

"இன்னும் ரசம் இருக்கு. தயிர் இருக்கு."

"கீது சார். தெனம் கீது. நாங்க வாசனதான் புடிச்சிகினு போவோம்."

அவர் தட்டைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வறுவலில் பாதி அப்படியே இருந்தது. ஒரு பந்தயம் கட்டிய மனுஷன் என்ன செய்ய முடியும். இரண்டு துண்டு வறுவலை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். திரும்பும் வழியில் மணலில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டதை ஒப்புக்கொள்கிறேன்.

மிஷின் முன்னால் ஏழு பேரும் ஒதுங்கி அவரை முதலில் விட்டார்கள். நடந்து வந்ததில் கையெல்லாம் வேர்வை. வைத்தார். 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.' சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.' மூன்றாவது தடவையும் அதேதான். அக்கா அவர் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"தலைல தேச்சிட்டு வையுங்க சார்."

அவர் தலையில் முடி அதிகம் இல்லை. இருந்த இடத்தில் தேய்த்துவிட்டு வைத்தார். 'தேங்க்யூ.' முப்பத்து நான்கு நிமிடம். ஏழு பெண்களும், செக்யூரிட்டி அண்ணனும், நானும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவர் திரும்பினார். நான் மறுபடி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனால் அவரும் சிரித்தார், முதலில் மூக்கால், பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்க.

என் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். மெமோக்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் குறுக்காக 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன செய்யலாம், சொல்லுங்கம்மா," என்றார் என்னைப் பார்த்து.

கேண்டீன் வாசலில் ஒரு மிஷின் மாட்டலாம் என்றேன். விரல் வைப்பதற்குப் பதிலாக முகத்தைப் பார்க்கும் மிஷின் வந்திருக்கிறது, வீட்டுக்காரர் சொன்னார் என்றும் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். அக்கா மட்டும் நகராமல் நின்றார்.

"என்னம்மா?" என்றார் மேனேஜர்.

"அந்த ரத்துன்னு எழுதனத எங்க கைல குட்ருங்க சார். வூட்ல காட்டணும். மெமோ வந்துச்சின்னு எங்க வூட்டுக்காரரு அஞ்சு நாளா என்ன ஓட்டினுகீறாரு."

இரண்டு வாரத்தில் கேண்டீன் வாசலில் முகம் பார்க்கும் மிஷின் வந்தது. முகத்தைப் பதிகிற நாளில் ஏழு பேரும் பவுடர் போட்டு, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தார்கள். அக்கா தோடுகூட மாற்றியிருந்தார். மறுநாள் வியர்த்து வழிந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையிலிருந்து வந்து நின்றபோது மிஷின் ஒருவரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. துண்டோடும் வியர்வையோடும் மறுபடி பதிய வேண்டியிருந்தது. "இதான் நெச மூஞ்சி, நல்லா பாத்துக்கோ," என்று அக்கா அதனிடம் சொன்னார்.

இப்போது நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன். எனக்கும் அதே மிஷின், அதே அரை மணி. நானே கேட்டு என் முகத்தையும் பதிந்துகொண்டேன். தொழுகைக்கும் அதற்குள்ளேயே நேரம் போதுகிறது.

புது மிஷின் ஒழுங்காக வேலை செய்த முதல் நாள் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். ரசமும் தயிரும் ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தோம். அக்கா பழக்கத்தில் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. எட்டுப் பேரும் கேண்டீன் நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

"இப்ப இன்னா பண்றது?" என்று ஒருத்தி கேட்டாள்.

உட்கார்ந்தோம். ஒருத்தி காலை நீட்டினாள். இன்னொருத்தி வீட்டுக்குப் போன் போட்டுச் சும்மாதான் கூப்பிட்டேன் என்றாள். மூன்றாம் நாள் யாரோ சமையலறையிலிருந்து கரித்துண்டும் புளியங்கொட்டையும் வாங்கி வந்து, மூலையில் சிமெண்டுத் தரையில் தாயக்கட்டம் வரைந்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடியாது. காய்களை அப்படியே வைத்துவிட்டுப் போவோம். சமையல்காரர் அந்த மூலையை மட்டும் சுற்றிப் பெருக்குகிறார். மறுநாள் மதியம் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். நேற்று எனக்குத் தாயமே விழவில்லை.